ஒரு கவையில் இரண்டு ஆள் எடை: ஒற்றைக் கயிறும் மடித்த கயிறும்

மரத்தில் 15 மீட்டர் உயரத்தில் கயிறு போட்டிருந்த கவை, அதாவது கிளை இரண்டாகப் பிரியும் இடம், பிளந்தபோது தம்பி 9 மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தான். கயிறு நழுவி, ஒரு மீட்டர் கீழே இருந்த அடுத்த கிளையில் போய் உட்கார்ந்தது. தம்பி மட்டும் இரண்டு மீட்டர் விழுந்தான். கவை இறங்கியது ஒன்று, ஆள் இறங்கியது இரண்டு. இந்தக் கணக்கு அன்று ராத்திரி வரை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகுதான் அந்தக் கவை ஏன் பிளந்தது என்பதும் விளங்கியது.

மரம் ஏறி வேலை செய்கிறவர்கள் ஒற்றைக் கயிறு நல்லதா, மடித்த கயிறு நல்லதா என்று ஓயாமல் பேசுவார்கள். வேகம், களைப்பு, கருவிகள் என்று பேச்சு போகும். மரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் வரும், சில நேரம் வரவே வராது. எங்கள் குழுவிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

மரமும் வேலையும்

மரம் ஒரு தூங்குமூஞ்சி. உயரம் ஏறக்குறைய 20 மீட்டர், குடை அதைவிட அகலம். பட்டுப்போன கொப்புகளை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டடக் கூரைக்கு மேலே நீண்டுபோன கிடைக்கிளை ஒன்றை முனையிலிருந்து குறைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை, நான்கு பேர். முதல் நாள் ஏறுவது தம்பி. கூடப் பிறந்தவன் அல்ல, ஆனால் ஆறு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஒற்றைக் கயிற்றில் எங்கள் குழுவிலேயே அவன்தான் கைதேர்ந்தவன். நான் கீழே, கயிற்றடியில்.

எறிநூலைக் கட்டிய எறிபையை, அதாவது எடை நிரப்பிய சின்னப் பையை, வீசி 15 மீட்டரில் ஒரு கவையைப் பிடித்தோம். கீழிருந்து பார்த்தால் தொடை அளவு தடிமன், பச்சை இலை, பொந்து எதுவும் தெரியவில்லை. தொலைநோக்கியிலும் பார்த்தோம். எறிநூலோடு 11 மில்லிமீட்டர் குறைநீட்சிக் கயிற்றை இழுத்து மேலேற்றி, இரண்டு பக்கமும் தரைக்கு வந்ததும் வழக்கமான சோதனையைச் செய்தோம். ஒரு பக்கக் கயிற்றில் நான், மறுபக்கத்தில் தம்பி, இருவரும் சேர்ந்து தொங்கினோம். கவை அசையவில்லை. ‘ஒரு ஆள் ஏறப்போகிறான், இரண்டு ஆள் தொங்கிப் பார்த்தாச்சு, இருமடங்கு பாதுகாப்பு’ என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு பக்கத்தை அடிமரத்தில் கட்டினோம். மறுபக்கத்தில் தம்பி ஏறத் தொடங்கினான்.

இரண்டு முறைகளும் எப்படி வேலை செய்கின்றன

மடித்த கயிறு பழைய முறை. கயிற்றைக் கிளைக்கு மேலே போட்டு ஒரு முனையை ஹார்னஸில், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வாரில், கட்டிக்கொள்கிறோம். மறுபக்கத்தில் இறங்கும் கயிற்றில் ஒரு பிடிமுடிச்சு (பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்வும், கையால் தளர்த்தினால் நகரும் முடிச்சு) போட்டு, அதையும் ஹார்னஸில் மாட்டுகிறோம். ஏற ஏற கயிறு கிளையின் மேல் ஓடும். ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். அதற்குப் பலன், கைக்கு வரும் பாரம் பாதி. உராய்வில் அந்தப் பலனில் கொஞ்சம் போய்விடும்.

ஒற்றைக் கயிறு முறையில் கயிறு அசையாது, ஆள்தான் அதன்மேல் ஏறுகிறார். கயிற்றில் மேலே நகர்ந்து கீழே நழுவாத அசெண்டர் என்ற கருவியைப் பாதத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் நடப்பதுபோல மாறி மாறிக் கால் வைத்து ஏறலாம். இழுப்பது கை அல்ல, தொடை. அதனால்தான் 20 மீட்டர் ஏறிய பிறகும் தெம்போடு வேலையைத் தொடங்க முடிகிறது.

இது குகைக்குள் இறங்கி ஏறுகிறவர்களிடமிருந்தும் மலையேறிகளிடமிருந்தும் வந்த வழி. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் கயிற்றைக் கவ்வும் தன் முடிச்சை வெளியிட்டது 1931இல். யூசி, மார்ட்டி என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களின் பெயரிலிருந்து பிறந்த ஜூமார் என்ற அசெண்டர் 1958இல் வந்தது. ஆனால் மரவேலையில் ஒற்றைக் கயிறு நெடுங்காலம் மேலே போவதற்கு மட்டுமே பயன்பட்டது. மேலே போனதும் மடித்த கயிற்றுக்கு மாறிவிடுவார்கள். காரணம் இறக்கம். மடித்த கயிற்றில் பிடிமுடிச்சு சுமப்பது ஆளின் எடையில் பாதிதான். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் அந்தச் சின்ன முடிச்சின்மேல் உட்காரும். முடிச்சு கயிற்றைக் கவ்விக்கொண்டு விடாது, விட்டால் சர்ரென்று போகும். 2010ஐ ஒட்டி கெவின் பிங்ஹாம் செய்த ரோப் ரெஞ்ச் இதை மாற்றியது. முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைத்து, பாரத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும் சின்னக் கருவி அது. ஏறிய கயிற்றிலேயே வேலை செய்து, அதிலேயே இறங்கவும் அதற்குப் பிறகுதான் பலருக்கு வழி பிறந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மடித்த கயிற்றை ‘இரட்டைக் கயிறு’ என்று சொல்வோரும் உண்டு. அதைக் கேட்டு இரண்டு கயிறு இருக்கிறது, ஒன்று அறுந்தால் இன்னொன்று பிடிக்கும் என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். இருப்பது ஒரே கயிறு, அது மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரவேலை விதிகள் கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்குத் தனித்தனிப் பிடிமானம் உள்ள இரண்டு கயிறுகளைப் பொது விதியாகக் கேட்கின்றன. அது வேறு விஷயம். ஆகவே மடித்ததை ‘ஓடும் கயிறு’, ஒற்றையை ‘நிற்கும் கயிறு’ என்று சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த நிமிடம்

தம்பி ஏறும்போது ஒரு தாளம் இருக்கும். இடது கால், வலது கால், மூச்சு. ஒவ்வொரு மிதிக்கும் கயிறு லேசாக விம்மும், மேலே இலைகள் ஆடும். 9 மீட்டரில் அவன் நின்றுவிட்டான்.

“அண்ணே, மேல ஏதோ முனகுது.”

நான் அண்ணாந்து பார்த்தேன். முதலில் பட்டைத் தூள்தான் விழுந்தது, மாவு சலித்த மாதிரி. “ஆடாதே, அப்படியே இரு” என்று சொல்லி முடிக்கவில்லை, ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற சத்தம். கவையின் ஒரு கை பிளந்து கீழே சாய்ந்தது. கயிறு நழுவியது, தம்பி கீழே வந்தான், நின்றான். அடிமரத்தில் முழங்கை இடித்திருந்தது. தொடை வார் அழுத்திய இடம் பிறகு கன்றிப்போனது. அதற்குமேல் காயம் இல்லை.

ஆனால் பிளந்த கை கீழே விழவில்லை. ஒரு பட்டைக் கீற்றில் அவன் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அடியில் நாங்கள் கயிற்றை வெறும் முடிச்சாகக் கட்டவில்லை. கயிற்றை மெல்ல விட உதவும் எட்டு வடிவ இறக்கியில் சுற்றிப் பூட்டியிருந்தோம். பூட்டை அவிழ்த்து நானே அவனை 7 மீட்டர் இறக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்ததால் செய்யவும் முடிந்திருக்காது.

கணக்கு

அடியில் கட்டிய ஒற்றைக் கயிறு அடியிலிருந்து மேலே போய், கவையில் வளைந்து, ஆளிடம் இறங்குகிறது. கருவிகளோடு ஆளின் எடை 80 கிலோ என்றால், அவர் பக்கக் கயிறு கவையை 80 கிலோவால் கீழே இழுக்கிறது. அவர் விழாமல் இருக்க, அடியில் கட்டிய பக்கமும் எதிர்த்து இழுத்தாக வேண்டும். அதுவும் கவையைக் கீழேதான் இழுக்கிறது. ஆக, கவை சுமப்பது 160 கிலோ. பட்டையின் உராய்வு அதில் ஒரு பங்கை விழுங்கும். எவ்வளவு என்பதைக் கீழே நின்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே இருமடங்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு மிதியிலும் ஒரு குலுக்கல் கூடுகிறது.

மடித்த கயிற்றில் இப்படி இல்லை. ஆளின் எடையை இரண்டு பக்கக் கயிறும் பங்கிட்டு, ஒவ்வொன்றும் பாதி பாதி சுமக்கின்றன. கவையின்மேல் விழுவது 80 கிலோதான்.

இப்போது எங்கள் சோதனைக்கு வருகிறேன். இரண்டு பேர், இரண்டு பக்கம், மொத்தம் ஏறக்குறைய 160 கிலோ. மடித்த கயிற்றில் ஏறுவதாக இருந்தால் அது உண்மையிலேயே இருமடங்கு சோதனை. அடியில் கட்டி ஏறும்போதோ, தம்பி காலை எடுத்து வைத்ததுமே கவைக்கு அந்த 160ஐ நெருங்கிய பாரம் வந்துவிடும். சோதித்த அளவும் சுமக்கப்போகும் அளவும் ஒன்றேதான். மிச்சம் என்று ஒன்று இருக்கவே இல்லை. மடித்த கயிற்றுக் காலத்தில் கற்ற சோதனையை அப்படியே ஒற்றைக் கயிற்றுக்குக் கொண்டுவந்துவிட்டோம். எங்கள் தவறு அதுதான், அது என் தவறு. கீழே நின்று ‘சரி, ஏறு’ என்று சொன்னவன் நான்.

செய்திருக்க வேண்டியது இது: முதலில் அடியில் கட்டிவிட்டு, ஏறப்போகும் பக்கத்தில் மட்டும் இருவரும் சேர்ந்து தொங்க வேண்டும். அப்போது கவையின்மேல் நான்கு ஆள் எடை. உராய்வு எவ்வளவு இருந்தாலும் ஏறும்போதும் அதே விகிதத்தில்தான் இருக்கும், ஆகவே சோதனை உண்மையிலேயே இருமடங்கு ஆகிறது.

இரண்டு மீட்டர் விழுந்ததும் இதே கணக்கின் மறுபக்கம். அடிக்கட்டிலிருந்து ஆள் வரை உள்ள கயிற்றின் நீளம் மாறாது. எங்களுக்கு அது 15ம் 6ம் சேர்ந்து 21 மீட்டர். வளைவு ஒரு மீட்டர் இறங்கி 14க்கு வந்தால், ஏறும் பக்கத்துக்கு 14 போதும், மிச்சம் 7 மீட்டர் ஆளின் பக்கம் போய்விடும். 14இல் 7 போக, ஆள் 7 மீட்டரில். 9இலிருந்து 7. மடித்த கயிற்றில் வளைவு ஒரு மீட்டர் இறங்கினால் ஆளும் ஒரு மீட்டர்தான் இறங்குவார்.

இத்தனையும் ஒற்றைக் கயிற்றுக்கு எதிராகச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் தம்பி உயிரோடு இருப்பதும் அதே முறையால்தான் என்பதை மறைக்க மாட்டேன். மடித்த கயிற்றில் ஏறுவதானால் கயிற்றின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே வேறு கிளை இருக்கக் கூடாது, இருந்தால் அதைத் தாண்ட முடியாது. அதனால் அரைமணி நேரம் எறிநூலை வீசி ஒரே கவையைத் தனிமைப்படுத்துவோம். அந்தக் கவை போனால் கீழே பிடிக்க ஒன்றும் இருக்காது. அடியில் கட்டிய கயிற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் கயிற்றின் நடுவில் ஒரு மீட்டர் கீழே தடித்த கிளை ஒன்று இருந்தது, அதுதான் பிடித்தது. அதோடு, பாரம் ஏந்தியிருந்த 21 மீட்டர் கயிறும் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. கயிறு குட்டையாக இருந்திருந்தால் இடுப்பு வேறு கதை சொல்லியிருக்கும்.

கீழிருந்து இறக்கும் வசதியும் அடிக்கட்டால் கிடைத்ததே. மடித்த கயிற்றில் ஒருவர் நினைவிழந்தால், இன்னொருவர் வேறு கயிற்றில் ஏறிப் போய்த்தான் கொண்டுவர வேண்டும். தலைக்கு மேலே முறிந்த கிளை தொங்கும்போது அங்கே இரண்டாவது ஆளை யார் அனுப்புவது? ஆனால் இந்த வசதிக்குக் கயிற்றின் நீளம் வேண்டும். 15 மீட்டர் கவைக்கு ஏற 15, தொங்க 15, ஆளை இறக்க இன்னொரு 15, ஆக 45. எங்களிடம் 60 மீட்டர் இருந்தது.

பிளந்த இடம்

தொங்கிய கையைப் பிறகு பாதுகாப்பாக இறக்கி, பிளந்த முகத்தைப் பார்த்தோம். கவை கூர்மையானது, இரண்டு கையும் ஒட்டி உரசி மேலே போயிருந்தன. இரண்டும் பருக்கப் பருக்க, நடுவில் இருந்த பட்டை உள்ளே மடிந்து சிக்கியிருக்கிறது. மரம் மரத்தோடு சேர வேண்டிய இடத்தில் கருத்த பட்டை. ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் புது முறிவு. அத்தனை நாளும் அந்தக் கவையைப் பிடித்து வைத்திருந்தது அந்த விரல் அகலம்தான். வாய் அகன்ற கவை பெரும்பாலும் நல்ல கவை, ஒடுங்கிய கவையை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். 15 மீட்டர் கீழே நின்றுகொண்டு, இலைகளுக்கு நடுவே, அது அகன்றதா ஒடுங்கியதா என்று தெரிவதில்லை என்பதே சிக்கல். நாங்கள் பார்த்த பக்கத்திலிருந்து அது அகலமாகத் தெரிந்தது.

அந்தக் கயிற்றை அதோடு ஏறும் வேலையிலிருந்து எடுத்துவிட்டோம். குறைநீட்சிக் கயிறு விழும் ஆளைத் தாங்கப் பிறந்தது அல்ல. வெளியே ஒரு கீறலும் இல்லைதான், ஆனால் உறைக்குள்ளே பார்க்க நம்மிடம் கண் இல்லை.

இரண்டாம் நாள்: அதே மரம், மடித்த கயிறு

நான் ஏறினேன். நடுத்தண்டை ஒட்டி 13 மீட்டரில் இருந்த அகன்ற கவையைப் பிடித்து, இரண்டு வளையம் உள்ள பட்டைக்காப்பு வாரைக் கீழிருந்தே மேலேற்றி, அதன் வழியே கயிற்றை ஓட விட்டேன். மடித்த கயிற்றில் இது அலங்காரம் அல்ல. கயிறு நாள் முழுக்க ஓடும், வெறும் பட்டையில் ஓடினால் மரத்தின் தோலைச் சூடாக்கி அரைத்துவிடும்.

13 மீட்டர் ஏற 26 மீட்டர் கயிறு இழுத்தேன். பாதி வழியில் முன்கை இறுகிவிட்டது. தம்பி இதே உயரத்தை மூச்சு வாங்காமல் ஏறுவான். உயரமான மரத்தில் ஏறுவதற்கு மட்டும் என்றால் ஒற்றைக் கயிறுதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கிடைக்கிளையில் கதை மாறியது. முனை நோக்கி நடந்து போகும்போது பிடிமுடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும். திரும்பி வரும்போது மடித்த கயிறு தன் அருமையைக் காட்டும். வால் பக்கத்தை இழுத்தால் பாதி பாரத்தில் உடம்பு கிளையின்மேல் ஏறி வருகிறது. வழுக்கும் கிளையில், ரம்பம் இடுப்பில் தொங்க, அந்தப் பாதி பெரிய விஷயம். ஒற்றைக் கயிற்றில் அதே உதவி வேண்டுமென்றால் மிச்சக் கயிற்றை ஒரு கப்பி வழியே மடக்கி இழுவை அமைக்க வேண்டும். முடியும், ஆனால் கூடுதல் வேலை.

அடுத்த கொப்புக்குப் போகக் கயிற்றை வழியில் ஒரு கவையில் திருப்ப வேண்டி வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஓடும் கயிறு ஒவ்வொரு திருப்பத்திலும் உரசும். அந்த உரசல் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ஒரு திருப்பத்தில் கயிறு கனத்தது, இரண்டாவது திருப்பத்தில் கிட்டத்தட்ட நகரவே இல்லை. நிற்கும் கயிற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எத்தனை கவையில் வேண்டுமானாலும் திருப்பிக்கொண்டு போகலாம். திருப்பும் கவையும் பாரம் சுமக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கயிறு 60 பாகை திரும்பினால் அந்தக் கவையின்மேல் ஒரு முழு ஆள் எடை, 90 பாகை திரும்பினால் ஏறக்குறைய 1.4 ஆள் எடை.

மதியத்துக்கு மேல் மடித்த கயிற்றைக் கழற்றி, அதே 13 மீட்டர் கவையில் ஒற்றைக் கயிற்றைச் சுருக்கு போட்டு இறுக்கினேன். அதாவது மேற்கட்டு. அடிமரத்துக்குப் போகும் பக்கமே கிடையாது, ஆகவே இருமடங்கும் கிடையாது, கவை சுமப்பது என் எடையை மட்டும். திருப்பம் எத்தனை போட்டாலும் உரசல் இல்லை. கீழே செயின்சா வைத்திருப்பவர் தவறுதலாக அடிக்கட்டை அறுத்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. போனது ஒன்றுதான்: எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் கீழிருந்து யாரும் இறக்கியிருக்க முடியாது. அதனால் பக்கத்துக் கவையில் இன்னொரு கயிற்றைத் தொங்கவிட்டு, தம்பியை ஹார்னஸோடு கீழே நிற்க வைத்திருந்தேன்.

அதன்பின் நாங்கள் செய்வது

நல்ல கவை, உயரமான மரம், கீழே ஆள் பலம் இருந்தால் அடிக்கட்டில் ஏறுகிறோம். மேலே போய்க் கவையைக் கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்து, வேலைக்கு மேற்கட்டுக்கு மாறுகிறோம். கவையின் மேல் சந்தேகம் இருந்தும் வேறு வழி இல்லாத மரத்தில், மெல்ல ஏறினாலும் மடித்த கயிறுதான், அங்கே பாதிப் பாரம்தான் பேச்சு. நீளக் கிடைக்கிளை நிறைய உள்ள மரத்திலும் நான் மடித்த கயிற்றையே எடுக்கிறேன். தம்பி ஒத்துக்கொள்வதில்லை. கப்பி போட்டு ஒற்றைக் கயிற்றிலேயே திரும்பி வருகிறான், சில மரங்களில் என்னைவிட வேகமாக.

இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரிய மரம். எறிநூல் ஒரே வீச்சில் கவையைப் பிடித்தது. கயிறு இரண்டு பக்கமும் இறங்கியதும் நான் பழக்கத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் மறுபக்கத்தைத் தொடவில்லை.

“அண்ணே, முதல்ல அடியில கட்டுவோம். அப்புறம் ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்து தொங்குவோம்.”

கட்டினோம். இருவரும் ஒரே கயிற்றில் கால் மடக்கித் தொங்கி, மூன்று தடவை குலுக்கினோம். மேலேயிருந்து இரண்டு காய்ந்த இலை விழுந்தது, வேறொன்றும் இல்லை. தம்பி பாத அசெண்டரை மாட்டினான்.